மூன்று நிமிடக் குளிர்

ஜனவரி 3, வெள்ளி

மருந்துக் கம்பெனிக்காரர்கள் இந்த வருடம் மூன்று டைரி கொடுத்தார்கள். இரண்டைப் பாக்கியம் எடுத்துக்கொண்டார். பதினொரு வருடமாக என் பல் கிளினிக்கில் உதவிக்கு இருப்பவர். டைரி, காலண்டர் எது வந்தாலும் அவருக்குத்தான். மிஞ்சிய ஒன்றில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கோயம்புத்தூரில் ஒரு வெல்னஸ் சென்டரில் கிரையோதெரபி என்று ஒன்று செய்கிறார்கள். மைனஸ் நூற்றுப் பத்து டிகிரி குளிரில் மூன்று நிமிடம் ஆளை நிற்க வைப்பார்களாம். சோர்வு போகும், தூக்கம் வரும், மனசு லேசாகும் என்கிறார்கள். ஐந்து தடவைக்கு ஒரு பேக்கேஜ். பதிவு செய்துவிட்டேன். எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் கொஞ்சம் புத்துணர்ச்சி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் அவரிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் இம்ப்ளாண்ட் வகுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பம்ப் கடை நடத்துகிற மனுஷனிடம் கிரையோதெரபியை விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

ஜனவரி 5, ஞாயிறு

அவர் ஈரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். "நல்லாப் படிச்சுட்டு வா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சென்டர் பெரிய நகைக்கடை மாதிரி இருக்கிறது. எங்கும் வெள்ளை விளக்கு, எலுமிச்சைப்புல் வாசனை. என்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் அஃப்ரீன். பிசியோதெரபி முடித்தவள், இருபத்தைந்து வயது இருக்கும். பி.பி. பார்த்தாள். கொஞ்சம் கூட இருக்கிறது, ரயிலில் வந்த அலைச்சலாக இருக்கலாம் என்றாள். பிறகு உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றாள். தோடு, மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்றி ஒரு வெல்வெட் பையில் போட்டேன். மகள் யாழினி பிறந்தபோது ஆபரேஷன் தியேட்டரில் கழற்றியது. அதற்கப்புறம் இன்றுதான் கழுத்து வெறுமையாக இருந்தது.

மோதிரம்தான் வரவில்லை. வாஷ்பேசினில் சோப்பு போட்டுத் திருகித் திருகி எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோப்பு பட்டிருக்கும்.

கம்பளி சாக்ஸ், கையுறை, காதுக்குப் பட்டை, முகமூடி, அரைக்கால் சட்டை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே யாரோ போல இருந்தது. குளிர் அறைக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அஃப்ரீன் வெளியே நின்று, கதவில் உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசுவாள்.

"நான் கேக்கக் கேக்க நீங்க பதில் சொல்லிட்டே இருக்கணும் மேடம். பதில் வரலைன்னா கதவைத் திறந்துருவேன்."

உள்ளே போனதும் முதலில் மூக்கின் உள்பக்கம் விறைத்தது. பிறகு தோல் முழுவதும் யாரோ சின்னச் சின்ன ஊசியால் தட்டுகிற மாதிரி. தொடை எரிந்தது. "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். "ரெண்டு இட்லி." "சட்னியா, சாம்பாரா?" இதற்குப் பதில் யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவு திறக்கும்போது பனிப்புகையோடு வெளியே வந்தேன்.

அப்புறம் உடம்பெல்லாம் சூடு பரவியது. ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி ஒரு சந்தோஷம். விரல்கள் முழுசாக மடங்கின. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை; எல்லோருக்கும்தான் விரல் மடங்குகிறது. திரும்பி வரும்போது ரயிலில் ஆரஞ்சு வாங்கி, எல்லாவற்றையும் நானே உரித்து, எதிர் சீட்டு அம்மாவுக்கும் கொடுத்தேன். அவர் போதும் போதும் என்றார். நான் உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 6, திங்கள்

காலையில் எழுந்ததும் வாளியில் வெந்நீர் பிடித்து, கையில் துவைக்க வேண்டிய துணிகளை ஊறவைத்து, நானும் கையை உள்ளே விட்டபடி உட்கார்ந்திருந்தேன். குளிர் காலத்தில் இது இதமாக இருக்கிறது.

கிளினிக்கில் இரண்டு க்ளீனிங், ஒரு ஃபில்லிங். கடைவாய்ப்பல் எடுக்க வந்தவரை டாக்டர் ஃபெலிக்ஸிடம் அனுப்பினேன். சின்ன வயசுக்காரர், புதிதாகக் கிளினிக் போட்டிருக்கிறார். அவருக்கும் நாலு பேர் வரட்டும்.

"ஏனுங் மேடம், இப்பல்லாம் பல்லு எடுக்கறதுக்கு வர்ற எல்லாத்தையும் அங்கயே அனுப்பறீங்களே" என்றார் பாக்கியம்.

"கூட்டமா இருக்கு, பாக்கியம்."

வெளியே பெஞ்சில் யாரும் இல்லை. பாக்கியம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஜனவரி 9, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சுடிதார் நான்கு வாங்கினேன். புடவைக்குக் கொசுவம் மடித்து, பின் குத்திக்கொண்டு நிற்கக் காலையில் நேரம் எங்கே இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டாவது தடவை. இந்த முறை பயம் இல்லை. அஃப்ரீன் எனக்குப் பிடித்த பலகாரங்களைக் கேட்டாள். மூன்று நிமிடத்தில் கச்சாயம், ஒப்பிட்டு, சந்தகை வரை போய்விட்டோம். அவளுக்குச் சந்தகை தெரியவில்லை. "இடியாப்பம் மாதிரியா மேடம்?" என்று கேட்டாள். மாதிரிதான், ஆனால் இடியாப்பம் இல்லை என்று பல் அடித்துக்கொள்ள விளக்கிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் வரை கை என் கையாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். யாழினிக்குக் கல்லூரியில் பரீட்சை, வரவில்லை. வாசலில் பெரிய கோலம் போடவில்லை. கடையில் விற்கிற ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டினேன். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. தேங்காய் உடைத்தது, துருவியது, கரும்பு சீவியது, பானையை இறக்கியது எல்லாம் அவர். இந்த வருடம் திடீரென்று அவருக்குச் சமையலறையில் ஆர்வம் வந்திருக்கிறது. கடையில் வியாபாரம் மந்தமோ என்னவோ.

ஜனவரி 17, வெள்ளி

வீட்டுக் குழாய்களை எல்லாம் கழற்றிப் புதிது மாட்டிவிட்டார். திருகுகிற குழாய் போய், நீளக் கைப்பிடி வைத்த குழாய். முழங்கையால் தட்டினால்கூடத் தண்ணீர் வருகிறது. கடையில் விற்காமல் தேங்கிய சரக்காம். "சும்மா தூசி புடிச்சுக் கெடக்குறதுக்கு நம்மூட்லயாவது இருக்கட்டும்" என்றார். பழைய குழாய்க்கு என்ன கேடு என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை இன்று முதல் மதியமும் ஒன்று. கிளினிக்கில் கைவசம் இருப்பதுதான். பல்வலிக்காரர்களுக்கு நானே தினமும் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. பெரிய மருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மூன்றாவது தடவை.

அஃப்ரீன் பேச்சை எங்கேயோ தொடங்க வேண்டும் என்று தொடங்கினாள். "உங்க அம்மா எங்க இருக்காங்க மேடம்?"

"இறந்துட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"சாரி மேடம். என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் குளிரில் வாய் தன்பாட்டுக்குப் பேசுகிறது. "முடக்குவாதம் வந்துச்சு அஃப்ரீன். முப்பத்தெட்டு வயசுல. காலைல எந்திரிச்சா விரல் மடங்காது. அப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் விரலெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. டைப் அடிக்க முடியலைன்னு ஃபைல் தூக்குற வேலை குடுத்தாங்க. ஜாக்கெட் கொக்கி நான்தான் போட்டுவிடுவேன். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்குத் தலை சீவி, கொக்கி போட்டு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு நிமிஷம் ஆச்சு மேடம். இன்னும் கொஞ்சம்தான்" என்றாள்.

வெளியே வந்ததும் என் தோளில் டவலைப் போர்த்தினாள். "மேடம், நீங்க எதுக்காக இங்க வர்றீங்கன்னு கேக்கலாமா?"

"புத்துணர்ச்சிக்கு" என்றேன்.

வீட்டில் அம்மாவின் போட்டோ கூடத்தில் இருக்கிறது. முந்தானையால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு எடுத்த போட்டோ. அம்மாவின் எந்தப் போட்டோவிலும் கை தெரியாது.

ஜனவரி 22, புதன்

மௌத் மிரர் கை நழுவி விழுந்தது. அது யாருக்கும் நடக்கும். மதியம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முன்பல் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பல்லை எடுக்க வேண்டியிருந்தது. சுலபமானது, அதனால்தான் ஃபெலிக்ஸிடம் அனுப்பவில்லை. கொறடு பிடியிலிருந்து வழுக்கிக் கீழுதட்டில் பட்டுவிட்டது. சின்னக் கீறல். ரத்தம் உடனே நின்றுவிட்டது. அந்தப் பெண் வாயில் பஞ்சோடு, "பரவால்லைங் மேடம்" என்றாள். நான் கொறட்டைக் கழுவித் தட்டில் வைத்தேன், மறுபடி எடுத்துக் கழுவினேன்.

சாயங்கால அப்பாயின்ட்மெண்ட்களைத் தள்ளிப் போடச் சொன்னேன். பாக்கியம் ஷட்டரை இறக்கும்போது, "நான் சார்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லைங் மேடம்" என்றார்.

நான் கேட்கவே இல்லையே.

ஜனவரி 25, சனி

ஊறுகாய், தேங்காயெண்ணெய், காப்பித்தூள் என்று வீட்டில் உள்ள எல்லா மூடியும் இறுக்காமல் மேலோடு வைத்துக் கிடக்கிறது. காப்பித்தூள் மணம் போய்விடாதா என்று அவரைச் சத்தம் போட்டேன். "மறந்துட்டேன்" என்றார். கல்யாணமாகி இருபது வருடமாக, யாராலும் திறக்க முடியாதபடி மூடியை முறுக்கி வைக்கிற மனுஷன். வயசாகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அஃப்ரீன் பி.பி. பார்த்தாள். பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் உட்காரச் சொல்லி மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

"மேடம், ரொம்ப அதிகமா இருக்கு. இன்னைக்கு உள்ள விட முடியாது."

"நான் டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகாது. என் பொறுப்புல விடுங்க."

"யார் பொறுப்புலயும் விடக் கூடாது மேடம். ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

இல்லை என்றேன். அவள் பட்டையைச் சுருட்டி வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பணம் கட்டிவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறேன், இந்த ஒரு நாளுக்காகத்தான் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்புறம் தலை சுற்றியது. சோபாவில் படுக்க வைத்தார்கள்.

"யாரைக் கூப்பிடட்டும் மேடம்?"

யாரும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் நம்பரைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்துவிட்டார். ஈரோட்டிலிருந்து அவ்வளவு சீக்கிரம் யாராலும் வர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். வலித்தது. உடனே பிடியைத் தளர்த்தி, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

காரில் ஏறின பிறகுதான் பேசினோம்.

"நீங்க எப்படி இங்க?"

"காலைல டம்ளரை ரெண்டு கையில புடிச்சுக் காப்பி குடிச்ச. ஸ்டேஷன்ல உட்டுட்டுக் கடைக்குப் போலாம்னு பார்த்தேன். மனசு கேக்கல. கார எடுத்துட்டு வந்துட்டேன். நீ எங்க போறேன்னு தெரியாதே. கோயம்புத்தூர் ஸ்டேஷன் வாசல்லயே வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். எப்படியும் திரும்பி அங்கதான வருவே."

"வகுப்பு இல்லைன்னு தெரியுமா மாமா?"

"டாக்டர் ஃபெலிக்ஸ் மோட்டார் வாங்கக் கடைக்கு வந்தாரு. நீங்க போறதில்லீங்களா அந்த வகுப்புக்குன்னு கேட்டேன். அப்படி ஒண்ணும் நடக்கலையேன்னாரு."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"அப்பவே ஏன் கேக்கல?"

சிக்னலில் வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல வேற என்னமோன்னு நெனச்சுட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் ஒரு நாள் காலைல நீ துணி பிழியறதப் பார்த்தேன். பிழிய முடியாம அப்படியே சொட்டச் சொட்டக் கொடியில போட்டே. அப்பத்தான் புரிஞ்சுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அத்தை கை மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டியா?"

அந்தக் கேள்வியை நான்கூட எனக்குள் அப்படி நேராகக் கேட்டுக்கொண்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் பெருந்துறை வரைக்கும் அழுதேன். நடுவில் வண்டியை ஓரங்கட்டி இளநீர் வாங்கி வந்தார்.

குழாய், மூடி, கரும்பு, தேங்காய். ஒவ்வொன்றாக இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. படித்தவள் என்று பேர்.

ஜனவரி 27, திங்கள்

மாத்திரைகளை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். கிளினிக்குக்கு இரண்டு வாரம் விடுமுறை. பாக்கியத்திடம் போனில் காரணத்தைச் சொன்னேன். "நல்லதுங் மேடம்" என்றவர், "எனக்கு நெஞ்சுல இருந்து கல்லு எறங்குன மாதிரி இருக்குதுங்" என்றார்.

ஜனவரி 29, புதன்

கோயம்புத்தூரில் மூட்டு நோய் மருத்துவர் மங்கையர்க்கரசியைப் பார்த்தோம். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். என் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு முட்டியாக அழுத்திப் பார்த்தார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பி.பி. ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். இது நான் என் நோயாளிகளுக்குச் சொல்கிற விஷயம்தான்.

"சமீபத்துல காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க டாக்டர்."

"வந்துச்சுங்களே" என்றார் அவர். "தீபாவளி முடிஞ்சு ஒரு வாரத்துல. மூணு நாள் படுத்த படுக்கை. பாத்ரூமுக்கு நாந்தானுங்க புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"அது சாதாரண வைரல் ஃபீவர்."

"டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

எடுக்கவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நாலாம் நாள் கிளினிக்குக்குப் போய்விட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த ரத்தப் பரிசோதனைகளின் அடியில் இன்னும் ஒன்றைச் சேர்த்தார்.

ஜனவரி 30, வியாழன்

ரிப்போர்ட் வர நாளாகும். அவர் இட்லி வார்த்தார். தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஜனவரி 31, வெள்ளி

என்னென்ன வேலைக்குக் கை வேண்டாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பாடம் எடுக்கலாம். அம்மாவும் இப்படித்தான் யோசித்திருப்பாள். அப்போது எனக்கு எட்டு வயது; என்னிடம் சொல்லியிருக்க முடியாது.

பிப்ரவரி 1, சனி

ஒன்றும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்து முடிக்கும் வரைக்கும் நான் அவருடைய பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்க அம்மாவுக்கு வந்தது இல்லை" என்றார்.

எனக்குக் கேட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. "என்னங்க டாக்டர்?" என்றேன்.

"முடக்குவாதத்துக்கான டெஸ்ட் ரெண்டுமே நெகட்டிவ். எக்ஸ்ரேயில எலும்பு சுத்தமா இருக்கு. சிக்குன்குனியா பாசிட்டிவ். நவம்பர்ல வந்தது அதுதான். சில பேருக்குக் காய்ச்சல் போன பிறகும் மூட்டு வலி மாசக்கணக்குல இழுக்கும். காலை நேரத்துல இறுக்கம், வீக்கம் எல்லாம் அப்படியே முடக்குவாதம் மாதிரியே இருக்கும். பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். நீங்களும் டாக்டர்தானே." முதல் தடவையாகச் சிரித்தார். "தொடர்ந்து பார்த்துக்குவோம். ஆனா உங்களைப் பார்த்தா எனக்குக் கவலை இல்லை."

மருந்து எழுதினார், கைக்குப் பயிற்சி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்தான் இடையில் புகுந்து, "இந்த ஐஸ் ரூம்பு வைத்தியம் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார்.

"வலி கொஞ்ச நேரம் மரத்துப் போகும். நோயைக் குணப்படுத்தும்னு நான் சொல்ல மாட்டேன். பி.பி. சரியான பிறகு ஆசையா இருந்தா போகட்டும்."

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு கேன்டீனுக்குக் கூட்டிப்போய் இரண்டு பேருக்கு நெய் ரோஸ்ட், மெதுவடை, பொங்கல், கேசரி என்று மேசை கொள்ளாமல் வாங்கினார். சர்வர், இன்னும் யாராவது வருவார்களா என்று கேட்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதியம் வரை தூங்கினேன். எழுந்தபோது கை வலித்தது. வலிக்கட்டும். அது யாருடைய வலி என்று தெரிந்துவிட்டது. காய்ச்சலின் வலி, போகப்போகிற வலி.

பிப்ரவரி 20, வியாழன்

கிளினிக் திறந்து ஒரு வாரம் ஆகிறது. கொறடு பிடிக்கிற வேலை இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். ஃபெலிக்ஸிடம் காரணத்தைச் சொல்லியே அனுப்புகிறேன். அவர் இரண்டு பேரை ஃபில்லிங்குக்கு என்னிடம் அனுப்பினார். உதட்டில் கீறல் பட்ட பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தழும்பே இல்லை. நடந்ததைச் சொன்னேன். "எங்க சித்திக்கும் அந்தக் காய்ச்சல் வந்து நடக்கவே முடியலைங் மேடம். இப்ப ஓடறாங்க" என்றாள்.

இன்று காலையில் எழுந்ததும் விரல்கள் பாதிக்கு மேல் மடங்கின. அவரை எழுப்பிக் காட்டினேன். "நல்லா மடக்கு, நல்லா மடக்கு" என்று படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

பி.பி. ஒரு மாதமாகச் சரியாக இருக்கிறது. பேக்கேஜில் இரண்டு தடவை பாக்கி. ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன், இன்னொன்றை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். "ஏன், நான் போறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முறையாக அவருடைய டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வந்து நின்றார்.

அஃப்ரீன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன் மேடம்" என்று என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவர் உடை மாற்றிக்கொண்டு வந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கம்பளி சாக்ஸ், காதுப்பட்டை, முன்னால் தொப்பை. அஃப்ரீன் மரியாதைக்குச் சுவரைப் பார்த்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "சிரி, சிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடியதும் அஃப்ரீன் மைக்கை என்னிடம் கொடுத்தாள். அவள் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தையும் அவரையும் பார்த்துக்கொண்டாள். "நீங்க பேசுங்க மேடம். விடாம பேசணும்."

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஐயோ சாமி" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ஊட்டிக்கே ஒரு கும்பிடு. கோகிலா, மூக்கு இருக்குதா பாரு."

"இருக்கு. நடந்துக்கிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான போனீங்க. முடியலைன்னா கதவைத் தள்ளுங்க, தொறந்துக்கும்."

"வேண்டாம், வேண்டாம்." இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சின்ன வட்டமாக நடந்தார். முகமூடிக்கு மேலே புருவம் வெளுத்துக்கொண்டு வந்தது. பிறகு கண்ணாடி பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ இதுக்குள்ள தனியா மூணு தடவை நின்னியா?"

"ஆமா."

"அப்ப உங்கூட யாரு பேசுனாங்க?"

"அஃப்ரீன்."

அவர் அஃப்ரீனைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினார். அவளுக்கு நன்றி சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, பல் தந்தியடிக்க, "இனிமேட்டு எங்கிட்டச் சொல்லிப்போடு. நல்லதோ கெட்டதோ, மொதல்ல எங்கிட்டச் சொல்லிப்போடு" என்றார்.

நான் மைக் பட்டனை அழுத்தினேன். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன்.

"மேடம், பேசுங்க" என்றாள் அஃப்ரீன். "சும்மா இருக்கக் கூடாது. ஏதாவது கேளுங்க."

"மத்தியானம் என்ன சாப்பிடலாம்?" என்றேன்.

"பிரியாணி" என்றார் உள்ளேயிருந்து, யோசிக்காமல்.

"மட்டனா, சிக்கனா?"

"மட்டன்."

"கொழுப்பு. டாக்டர் என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ பாதி சாப்பிடு, நான் பாதி சாப்பிடறேன்."

நேரம் முடிந்து அஃப்ரீன் கதவைத் திறக்கும் வரைக்கும் எந்தக் கடைக்குப் போவது என்பதில் எங்களுக்குள் முடிவாகவில்லை. பனிப்புகைக்குள்ளிருந்து புருவமெல்லாம் வெள்ளையாக வந்தவர், டவலைக்கூட வாங்காமல், "அந்தப் பழைய கடை வேண்டாம், அங்க உக்கார எடம் கெடைக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் டவலைப் பிரித்து அவர் தோளில் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டேன்.